மீதமிருக்கும் சிரப்பைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேரனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்திருப்பதால், சென்ற முறை மருத்துவர் எழுதித் தந்து மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்பையே கொடுக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம் என்று சொன்னேனே தவிர, காரணத்தை விரிவாகச் சொல்லவில்லை.

தண்ணீர் கலந்த அந்த சிரப் ஒன்றிரண்டு வாரங்களுக்குமேல் பயன்படாது. அதைவிட முக்கியமாக, சாதாரணச் சளியை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாட்டிக் தாக்குவதோ பாக்டீரியாவை. வைரஸ் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்தால் காய்ச்சல் சீக்கிரம் தணியப்போவதில்லை. மாறாக, குழந்தையின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்து, மருந்துக்கு அடங்காதவை பிழைத்துப் பெருகும். அவை தம் எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிடும் என்பதே என்னை மிகவும் கலங்கவைக்கிறது.

ஆய்வகப் பணியில் இதைக் கண்ணால் கண்டவன் நான். நோயாளியின் சிறுநீரிலிருந்தோ சீழிலிருந்தோ எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து மறுநாள் பார்ப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் தோய்ந்த வில்லையைச் சுற்றி அகலமாகத் தெரிந்த வட்டம், ஓய்வுபெறும் காலத்தில் பல தட்டுகளில் இல்லாமலே போயிற்று. அத்தகைய முடிவுகளை எழுதும்போது, இனி இந்த நோயாளிக்கு மருத்துவர் எதைத்தான் கொடுப்பார் என்று மனம் பதறும். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்தார். நம் நாட்டில் 2014 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையிலுள்ள ஆன்டிபயாட்டிக்குகளை மருந்துச் சீட்டுடன்தான் விற்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். கடைக்காரர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார் என்பது நாம் வாங்குவதற்கு நியாயமாகாது.

பேரன் வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துப் போ. ஆன்டிபயாட்டிக் எழுதித் தரும்படி அவரை வற்புறுத்தாதே. அவரே எழுதினால் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை கொடு. பழைய சிரப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாமல், தனியே கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிடு. மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
அப்பா