ஓடி ஒளியும் மெனு

கோவை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் மெயிலுக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அது நல்லபடியாக முடிந்தது. வேளா வேளைக்குச் சொட்டு மருந்து போடுவதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். தெரிந்ததும் முதல் வேலையாக, கூடத்து மூலையில் இருந்த ஒட்டடையைக் காட்டி என்னைத் திட்டினார்.

ரிட்டையர் ஆனதும் நிம்மதியாகக் கால் நீட்டி உட்காருவாய் என்று பார்த்தால், வாசகர் வட்டத்துக்கு வெப்சைட் செய்கிறேன் என்று ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய். நன்றாகவே செய்திருக்கிறாய். எழுத்து படிக்கத் தோதாக இருக்கிறது, படங்கள் சட்டென்று வருகின்றன. மெனுவுக்கு மட்டும் பேய் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பேயெல்லாம் ஒன்றுமில்லை. நீ எழுதியதைப் பிரவுசர் அட்சரம் பிசகாமல் செய்கிறது, தொந்தரவே அதுதான். நீ ஒரே கோளாறு என்று நினைப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்யப் போட்ட வரி இன்னொன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

முதலில் அந்த ஓடிப்போகும் மெனு. ‘நூல் பட்டியல்’ மேல் கர்சரை வைத்தால் சிறுகதை, கவிதை, கட்டுரை, சிறுவர் நூல் என்று கீழே விரிகிறது. சிறுகதையைத் தொடப் போனால் காணாமல் போகிறது. வேகமாக இழுத்தால் சில சமயம் மாட்டுகிறது, மெதுவாகப் போனால் கட்டாயம் நழுவுகிறது. இந்த ‘சில சமயம்’ என்பதுதான் துப்பு. உப மெனுவுக்கு மேலே மார்ஜின், அதாவது பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி, 8 பிக்சல் கொடுத்திருக்கிறாய் பார், வில்லன் அதுதான். கர்சர் ‘நூல் பட்டியல்’ இருக்கும் ‘எல்ஐ’ (பட்டியலின் ஒரு வரி) மேலோ அதன் பிள்ளைகள், அதாவது அதற்குள் எழுதியவை, மேலோ இருக்கும் வரைதான் மெனு விரிந்திருக்கும். உப மெனு அதன் பிள்ளை, எவ்வளவு தள்ளி வைத்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும். மார்ஜின் அப்படியில்லை, அது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. கர்சர் அங்கே கால் வைத்ததுமே ‘எல்ஐ’யை விட்டுப் போய்விட்டாய் என்று பிரவுசர் மெனுவைச் சுருட்டிவிடுகிறது. வேகமாக இழுத்தால் மட்டும் ஏன் தப்புகிறது? மவுஸ் நகர்வதைப் பிரவுசர் ஒரே கோடாகப் பார்ப்பதில்லை, புள்ளி புள்ளியாகத்தான் பார்க்கிறது. வேகத்தில் ஒரு புள்ளி மேலேயும் அடுத்த புள்ளி உப மெனுவுக்குள்ளும் விழுந்தால் நடுவில் இருந்த சந்து அதன் கண்ணில் படாது.

மார்ஜினை எடுத்துவிட்டு அதே 8 பிக்சலைப் பேடிங்காகக் கொடு. பேடிங் அந்தப் பெட்டியின் சொந்த இடம், அதன் மேல் கர்சர் போனாலும் மெனு நிற்கும். ஆனால் உடனே உன் பச்சைப் பின்னணி அந்த 8 பிக்சலிலும் பரவி, நீ ஆசைப்பட்டு விட்ட இடைவெளி மூடிக்கொள்ளும். அதற்குப் பின்னணி நிறத்தை வெளிப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே இருக்கும் லிங்குகளுக்குக் கொடுத்துவிடு. அந்த லிங்குகளுக்கு டிஸ்பிளே பிளாக் போடவும் மறக்காதே. இல்லையென்றால் எழுத்தின் மேல் சரியாகக் கிளிக் செய்தால்தான் வேலை செய்யும், பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது.

இன்னொரு சின்ன உபகாரமும் செய்யலாம். நீ டிஸ்பிளே நன் போட்டு மறைத்திருக்கிறாய், அது பட்டென்று மறையும். விசிபிலிட்டி ஹிட்டன் போட்டு, டிரான்சிஷனில் (மாற்றம் எப்போது, எவ்வளவு நேரத்தில் என்று சொல்லும் வரி) மறைவதற்கு மட்டும் 0.2 நொடி தாமதம் கொடுத்தால், கை கொஞ்சம் தடுமாறினாலும் மெனு பொறுத்துக்கொள்ளும். நம் வயசுக்கு இது அவசியம். அமேசான் தளத்தில் முன்பு இருந்த பெரிய மெனு இந்த விஷயத்தில் கில்லாடியாக இருந்தது. கர்சர் உப மெனுவை நோக்கிக் குறுக்காகப் போகிறதா என்று ஒரு முக்கோணம் கட்டிக் கணக்கிட்டு, போகிறது என்றால் மூடாமல் காத்திருந்தது. பென் காமென்ஸ் என்பவர் 2013இல் அதைப் பிரித்து மேய்ந்து எழுதியிருந்தார். நமக்கு அவ்வளவு தேவையில்லை.

அடுத்து, கட்டுரைக்குள் இருக்கும் லிங்குகள். கர்சரை வைத்தால் ஆரஞ்சு ஆக வேண்டும், ஆகவில்லை என்றாய். ஹோவரை (கர்சர் மேலே இருக்கும் நிலை) முதலில் எழுதி, லிங்க் (இன்னும் போகாதது), விசிட்டட் (போய் வந்தது) இரண்டையும் அதற்குக் கீழே எழுதியிருக்கிறாய். அழுத்தும்போது வரும் ஆக்டிவையும் சேர்த்து நான்கு நிலைகளுக்கும் எடை சமம். சமமாக இருந்தால் கடைசியாக எழுதியது ஜெயிக்கும். அதனால் லிங்க், விசிட்டட், ஹோவர், ஆக்டிவ் என்ற வரிசைதான் சரி. ஆங்கில முதலெழுத்துகளை வைத்து ‘லவ் ஹேட்’ (LoVe HAte) என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் 1996இல் வந்த முதல் பதிப்பில் ஹோவரே கிடையாது, மற்ற மூன்றுதான். 1998இல் இரண்டாவது பதிப்பில்தான் அது வந்தது. வந்த பிறகும் உடனே சுகப்படவில்லை. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஹோவரை லிங்குகளுக்கு மட்டுமே அனுமதித்தது, ‘எல்ஐ’க்குக் கிடையாது. இன்றைக்கு நீ மூன்று வரியில் எழுதியிருக்கும் மெனுவுக்கு அன்று தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவள் நான், அதனால் உன் புலம்பலைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

படித்து முடித்த கட்டுரை லிங்குக்குப் பக்கத்தில் ஒரு டிக் படம் வர வேண்டும் என்று முயன்றிருக்கிறாய். அது நடக்காது, தலைகீழாக நின்றாலும் நடக்காது. விசிட்டட் லிங்குக்கு நிறங்களை மட்டும்தான் மாற்றலாம். படம், அளவு, தடிமன் எதையும் தொடவிடமாட்டார்கள். காரணம் சுவாரஸ்யமானது. ஒரு தளம் நூற்றுக்கணக்கான முகவரிகளை மறைவாக லிங்க் போட்டு, எதெதன் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், நீ எந்த வங்கி, எந்த ஆஸ்பத்திரி, எந்தச் செய்தித்தளம் போய் வந்தாய் என்று தெரிந்துகொண்டுவிடும். 2010இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லாவின் டேவிட் பாரன் இதற்கு ஒரு வழி சொன்னார்: நிறத்தைத் தவிர எதையும் மாற்றவிடாதே, ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிறம் என்ன என்று கேட்டால் ‘போகாத லிங்க்’ என்றே பொய் சொல். எல்லா பிரவுசரும் அதை ஏற்றுக்கொண்டன. 2025இல் குரோம் 136 இன்னும் ஒரு படி மேலே போனது. வெளித்தளத்துக்கு நீ கொடுத்த லிங்க்கை வாசகர் உன் தளத்திலிருந்தே கிளிக் செய்திருந்தால்தான் நிறம் மாறும், வேறு வழியாக அங்கே போயிருந்தால் மாறாது. யாருக்காக இவ்வளவு கெடுபிடி என்று எரிச்சலாக இருக்கும், ஆனால் எனக்கு அந்தப் பொய் பிடித்திருக்கிறது. டிக்கை விட்டுவிட்டு ஒரு மங்கிய ஊதா நிறம் கொடு, போதும்.

மேல் மெனுவில் நிறம் மாறாதது வேறு கதை. அங்கே வரிசை சரியாகத்தான் இருக்கிறது. நீ எடுத்த டெம்ப்ளேட்டில் ஒரு ஐடியை (ஒரே ஒரு பெட்டிக்கு வைக்கும் பெயர்) வைத்து லிங்குக்கு வெள்ளை நிறம் எழுதியிருக்கிறார்கள். நீ கிளாஸ் (பல பெட்டிகளுக்கும் பொதுவான பெயர்) வைத்து எழுதியிருக்கிறாய். பத்து கிளாஸ் சேர்ந்தாலும் ஓர் ஐடியை வெல்ல முடியாது. அது தெரியாததால் மற்றதையெல்லாம் மீறு என்று சொல்லும் ‘இம்பார்டன்ட்’ போட்டாய், அதை வெல்ல இன்னொரு இடத்தில் இன்னொரு இம்பார்டன்ட், இப்போது ஃபைல் முழுக்க அதுவேதான். எல்லோரும் கத்தினால் யார் பேச்சும் கேட்காது, செல்வி. டெம்ப்ளேட்டில் அந்த ஐடியைக் கிளாஸாக மாற்றிவிடு, பிறகு இம்பார்டன்ட் எல்லாவற்றையும் எடு.

இதையெல்லாம் ஊகிக்கவே வேண்டாம். குரோமில் எஃப் 12 தட்டு, லிங்க்கைத் தேர்ந்தெடு, ஸ்டைல்ஸ் பகுதியைப் பார். தோற்ற வரிகள் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும், ஜெயித்தது அடிபடாமல் இருக்கும். மவுஸை நகர்த்தினால் ஹோவர் போய்விடுகிறதே, எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். அங்கேயே ‘:ஹோவ்’ என்று சின்னதாக ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி ஹோவருக்கு டிக் போட்டால் கர்சர் எங்கே போனாலும் அந்த நிலை அப்படியே நிற்கும். மாற்றியும் மாறவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்து. பழைய ஃபைலையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

உப மெனு படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு இசட்-இன்டெக்ஸ் (எது மேலே என்று சொல்லும் எண்) 99999 கொடுத்துப் பார்த்திருக்கிறாய். இன்னும் நாலு ஒன்பது சேர்த்தாலும் மாறாது. ஹெடருக்கு, அதாவது மெனு இருக்கும் மேல்பட்டைக்கு, பின்னால் இருப்பது துளி தெரியும்படி ஒப்பாசிட்டி 0.95 என்று வைத்திருக்கிறாய். ஒப்பாசிட்டி 1க்குக் கீழே இறங்கினால் அந்தப் பெட்டி தனி அடுக்காகிவிடும், அதற்குள் இருப்பவர்களின் எண்கள் அதற்குள்தான் செல்லும். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் போட்டாலும் இதே கதிதான். பள்ளத்தில் இருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் ஏணி போட்டு ஏறினாலும் மேட்டுத்தெரு வீட்டின் திண்ணையை எட்ட முடியாது, அந்த மாதிரி. ஏணியை நீட்டாதே, வீட்டை மேட்டுக்கு மாற்று. ஹெடருக்குப் பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இன்டெக்ஸ் 10 கொடு. 99999ஐ 1 ஆக்கினாலும் வேலை செய்யும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உன் தளத்தை அம்மாவிடம் போனில் காட்டினேன். ‘நிகழ்வுகள்’ தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார், ஆரஞ்சு நிறம் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. “இங்கேயேதானே இருக்கேன், போகலையே” என்றார். விரலுக்கு ஹோவர் என்று ஒன்று கிடையாது. தொடும்போது பிரவுசர் அதை ஹோவர் என்று வைத்துக்கொள்ளும், வேறிடம் தொடும் வரை விடாது. ஐபோனில், ஹோவரால் ஏதாவது விரிந்தால் முதல் தட்டு விரிப்பதற்கே போய்விடும், லிங்க் திறக்க மறுபடி தட்ட வேண்டும். ஹோவர் நிறங்களை ‘ஹோவர்: ஹோவர்’ என்ற மீடியா குவெரிக்குள் (கருவியைப் பார்த்து அமலாகும் நிபந்தனை) போட்டுவிட்டால் மவுஸ் உள்ள கருவிகளில் மட்டும் வரும், ஒட்டிக்கொள்ளும் தொல்லை தீரும். ஆனால் மெனு விரிவதையே ஹோவரிடம் ஒப்படைத்தது எனக்குச் சம்மதமில்லை. நிறம் மாறட்டும், அடிக்கோடு வரட்டும், அதற்கு ஹோவர் சரி. அது இல்லாமல் உள்ளே போகவே வழியில்லை என்று வைக்காதே. உங்கள் வட்டத்தில் பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். டேப் விசையை வைத்தே நகர்பவர்களும் உண்டு. நிற்கும் இடத்தைச் சுற்றி வரும் கோட்டை மறைக்கும் அவுட்லைன் நன் என்று நீ ஒரு வரி வைத்திருக்கிறாய், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் செய்வது அதுதான். அதை முதலில் நீக்கு.

உண்மையைச் சொன்னால் உனக்கு உப மெனுவே வேண்டாம். நாலே பிரிவு. ‘நூல் பட்டியல்’ ஒரு சாதாரண லிங்காக இருக்கட்டும், அந்தப் பக்கத்தில் நாலு தலைப்பையும் போடு. மேலே மார்ஜின், அடுக்கு என்று எழுதியதில் பாதி அப்போது தேவையே இல்லை. விரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதை ஒரு பட்டனாக்கி, கிளிக்கில் திறக்க வை.

தமிழ் எழுத்துக்காக இரண்டு விஷயம். மெனு லிங்குகளின் உயரத்தை 24 பிக்சலில் கட்டி, மீறுவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டிருப்பதால் ‘நூல்’ என்பதில் நூவின் வால் வெட்டுப்படுகிறது. உயரத்தை எடுத்துவிட்டு லைன்-ஹைட் 1.6 கொடு. ஹோவரில் தடித்த எழுத்து வைத்திருக்கிறாய், ‘நிகழ்வுகள்’ தடித்ததும் அகலமாகிப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தள்ளுகிறது, மெனு குலுங்குவது அதனால்தான். தடிமனுக்குப் பதில் அடிக்கோடு வை. டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் 0.3 இஎம் (எழுத்தளவில் பத்தில் மூன்று பங்கு) கொடுத்தால் கோடு எழுத்துகளின் வாலில் இடிக்காமல் கொஞ்சம் இறங்கி நிற்கும். டெம்ப்ளேட்டில் அப்பர்கேஸ் (எல்லாம் பெரிய எழுத்து) என்று ஒரு வரி இருக்கிறது, தமிழுக்கு அது எதையும் செய்யாது, தூக்கிப் போடு. எழுத்துகளுக்கு நடுவே இடம் விடும் லெட்டர்-ஸ்பேசிங்கும் வேண்டாம், எழுத்தெல்லாம் பல் விழுந்த மாதிரி தெரிகிறது.

மாலாவுக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். தேதி முடிவானதும் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும். அதற்குள் இம்பார்டன்ட் இல்லாத ஃபைல் ஒன்றை அனுப்பு, போன் பக்கத்தை இன்னும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அன்புடன்,
வசந்தா