சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஓர் இடம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. முற்றத்துக்கு வந்து கோழிகளை அதட்டுமளவுக்குத் தேறியிருக்கிறார். பெரியதம்பியின் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டாள். கணக்கில் அவள் தகப்பனைக் கொள்ளவில்லை என்று ஊரே மகிழ்கிறது. இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். இனி எழுதப்போகும் விடயம் தொலைபேசிக்கு அடங்காது. பாதி வழியில் "அட, விடு மச்சான்" என்று நீ சொல்லிவிடுவாய்.

டீச்சரக்கா வருகிற பங்குனியோடு வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போகிறார். நாங்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் தியானத்துக்குக் கூடுவது அவருடைய விறாந்தையில்தான். அவர் போன பின் எங்கே கூடுவது என்ற கேள்வி எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுமோ என்று அஞ்சுமளவுக்கு வளர்ந்திருக்கிறது. எனக்கு இதில் உறுதியான எண்ணம் ஒன்று உண்டு. அதைக் கூட்டத்தில் வைப்பதற்கு முன் உன் எதிர்வாதத்தைக் கேட்க விரும்புகிறேன். சிவானந்தாவில் படித்த காலத்திலிருந்தே என் கருத்துகளை உடைத்துப் பார்ப்பதில் உன்னைவிடக் கெட்டிக்காரன் எவனுமில்லை.

கண்ணை மூடிக்கொண்டிருக்க ஒரு கூட்டம் எதற்கு, வீட்டில் மூடினால் ஆகாதா என்று சென்ற முறை கேட்டாய். தனியே அமர்ந்தால் ஐந்து நிமிடத்தில் அடுப்பு நினைவு வரும், கடன் நினைவு வரும், உடனே எழும்பிவிடுவோம். பக்கத்தில் பத்துப் பேர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது அந்த எழுச்சி வந்து, சற்று நின்று, தானாகவே தணிந்து போவதைக் காண முடிகிறது. புத்தர், அவர் போதனையான தம்மம் ஆகியவற்றோடு, கூடிப் பயில்வோரின் கூட்டமாகிய சங்கத்தையும் மூன்றாவது சரணமாக ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அந்த விறாந்தையில்தான் விளங்கியது.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். உள்ளங்கையளவு பித்தளைக் கிண்ணம் ஒன்று சிறிய மெத்தையின்மேல் இருக்கும். அதுதான் எங்கள் மணி. துணி சுற்றிய கட்டையை முதலில் விளிம்பில் வைத்து அப்படியே அழுத்திப் பிடிப்பார்கள். ஒலி பாதியிலேயே அடங்கிவிடும். மணி ஒலிக்கப்போகிறது என்பதை இருப்பவர்களுக்கு அறிவிப்பதற்கு அது. ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்த பிறகே முழு ஒலி எழும். அது ஓயும்வரை மூன்று மூச்சு எவரும் பேசுவதில்லை. பிறகு, மூச்சைக் கவனிப்பது பற்றிய புத்தரின் உரையான 'ஆனாபானசதி சுத்த'த்தில் உள்ளபடி மூச்சைக் கவனிப்போம். உடல், உணர்ச்சி, மனம், தம்மங்கள் என்னும் இயல்புகள் என நான்கு நான்காகப் பதினாறு படிகள் அதில் உண்டு. நாங்கள் இன்னும் முதல் நான்கில்தான் நிற்கிறோம்: நீண்ட மூச்சை நீண்டதென்று அறிவது, குறுகியதைக் குறுகியதென்று அறிவது, உடல் முழுவதையும் உணர்வது, உடலை அமைதியடையச் செய்வது. அதன் பின், மணல் ஒழுங்கையில் மூச்சுக்கு ஏற்ப அடியெடுத்து வைத்துக் கடற்கரைவரை மெதுவாக நடந்து திரும்புவோம். 2004 மார்கழி 26க்குப் பின் கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று இருந்த ஒருவர் இப்போது எங்களோடு கரைவரை வருகிறார்.

ஆனால் இந்தக் கூட்டத்தின் உயிர் அதற்குப் பிறகு வரும் பகிர்தலில் இருக்கிறது. பேச விரும்புகிறவர் கைகூப்புவார், மற்றவர்களும் கைகூப்புவோம். அவர் மறுபடி கைகூப்பும்வரை எவரும் குறுக்கே பேசுவதில்லை, பேசி முடித்த பிறகும் புத்திமதி சொல்வதில்லை, அங்கே பேசப்பட்டதை வெளியே கொண்டுபோவதுமில்லை. நம் ஊரில் ஒருவர் தலைவலி என்றால் ஐந்து பேர் மருந்து சொல்வார்கள். ஆறாவது ஆள் நேர்த்தி வைக்கச் சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதை நானறிவேன். ஆயினும் நோகிறவரை முழுவதுமாகப் பேசவிட்டுக் கேட்கும் இடம் நம்மிடம் எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பார்.

வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். அவருடைய மூத்த மகன் யுத்தகாலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவன். பல மாதங்கள் வாயே திறக்காமல் இருந்தவர் ஒரு சனிக்கிழமை கைகூப்பினார். அவர் வட்டத்துக்குள் சொன்னதை எழுத எனக்கு உரிமையில்லை. பிறகு பஸ் தரிப்பிடத்தில் வைத்து என்னிடம் சொன்னதை மட்டும் அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். "தம்பி, எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என்ன திகதி, எத்தனை மணி, என்ன நிற வாகனம் என்று எல்லா இடமும் கேட்டார்கள். இன்றைக்கு ஒருவரும் திகதி கேட்கவில்லை. அதனால்தான் பிள்ளை எப்படிச் சிரிப்பான் என்பதைச் சொல்ல முடிந்தது."

அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

டீச்சரக்கா போகப்போவதை அறிந்த விகாரை ஒன்றின் பிக்கு, அங்குள்ள மண்டபத்தை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். வாடகை இல்லை, மின்விசிறி, பாய், குடிநீர், மலசலகூடம் எல்லாம் உண்டு. அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எங்களில் பாதிப் பேர் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். பௌத்தத் தியானத்துக்கு விகாரையை விடப் பொருத்தமான இடம் எது என்பது அவர்கள் கேள்வி.

நான் வேண்டாம் என்கிறேன். புத்தரை அந்நியமாக நினைத்து அப்படிச் சொல்லவில்லை. புத்தம் நமக்கு எதற்கு என்று நீயும் சின்னமாமாவும் கேட்கும்போதெல்லாம், மணிமேகலை அறவண அடிகளிடம் தமிழில்தானே தம்மம் கேட்டாள் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவன் சிவபக்தனான முதலாம் இராசராசன். தமிழர் பௌத்தராக இருந்ததும் பௌத்தரைப் போற்றியதும் நம் வரலாற்றின் பகுதி. அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. ஆயினும், நம் மாவட்டத்தில் இரவோடு இரவாக ஓர் அரசமரத்தடியில் புத்தர் சிலை தோன்றினால் காலையில் சனங்கள் காணி பறிபோகுமோ என்று நினைத்துத்தானே கலங்குகிறார்கள்? அந்தக் கலக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. சீருடைகளையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து வந்த அந்த அம்மா விகாரையின் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். வா என்று வற்புறுத்தும் உரிமை எங்களில் ஒருவருக்கும் இல்லை. அவர் வர முடியாத மண்டபத்தில் பாயும் மின்விசிறியும் இருந்தென்ன?

இதை எல்லோரிலும் தெளிவாகச் சொன்னவர், நாங்கள் 'அம்பாறை நங்கி' (சிங்களத்தில் தங்கை) என்று அழைப்பவர்தான். கல்முனை வழியாக பஸ் மாறி மாறி வரும் சிங்களப் பிள்ளை அவர். போயா என்னும் பௌர்ணமி நாட்களில் வெள்ளை உடுத்து, ஆச்சியின் கைபிடித்துப் புத்தங்கல மலைக்கு ஏறி வளர்ந்தவர். விகாரை அவருக்குத் தாய்வீடு. அவர் தன் கொச்சைத் தமிழில், "எனக்கு அங்கே சுகம். அம்மாவுக்குப் பயம். அப்போ நான் இங்கே வாறது சரி" என்றார். மண்டபத்தை ஆதரித்தவர்கள்கூட அதற்குப் பின் சிறிது நேரம் பேசவில்லை.

எங்கள் முறை வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் வழியாக வந்தது என்பதை முன்பு எழுதியிருந்தேன். அவர் குண்டு விழும் நாட்டில் இருந்துகொண்டு தியானத்தைக் கற்பித்தவர். 1960களில் அவர் திரட்டிய இளைஞர்கள் அழிந்த கிராமங்களை மீண்டும் கட்டினார்கள். எந்தப் பக்கத்தையும் சேராததால் இரண்டு பக்கத்தாரும் அவர்களைச் சந்தேகித்தார்கள். 1966இல் சமாதானம் பேச வெளிநாடு போனவரால் 2005வரை தாய்நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. நமக்கு இதில் எந்த வரி புதியது, சொல்? அப்படிப்பட்ட ஒருவரின் வழியில் நடப்பவர்கள், நொந்தவர் அச்சமின்றி வந்து அமரக்கூடிய இடத்தையே முதலில் தேட வேண்டும் என்பது என் வாதம்.

மாற்றாக இரண்டு இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று நம் பழைய வாசிகசாலையின் பின்கட்டு; கூரை ஒழுகுகிறது, ஆனால் எல்லோருக்கும் பொதுவான இடம். மற்றது எங்கள் வீட்டு மாமர நிழல். அம்மா சம்மதித்துவிட்டார். மாரியில் அங்கே அமர முடியாது என்பதால் வாசிகசாலையே என் விருப்பம். ஓடு மாற்றுவதற்கு எவரிடமும் நிதி கேட்பதில்லை, எங்களுக்குள்ளேயே சேர்ப்போம் என்று எண்ணியிருக்கிறோம். நீ காசு அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்; முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. என் வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று தயவு பாராமல் எழுது. பிக்குவின் மனம் நோகாமல் மறுப்பது எப்படி என்பதையும் சேர்த்து யோசி. தமிழ் மன்றத்தில் எதிரணிக்கும் நன்றி சொல்லி முடிக்கும் உன் திறமை இப்போது எனக்குத் தேவைப்படுகிறது. இரண்டாவது, திக் நாட் ஹான் 1982இல் நிறுவிய பிளம் வில்லேஜ் என்னும் தியான மடம் நீ இருக்கும் பிரான்சிலேயே, போர்தோவுக்குக் கிழக்கே இருக்கிறது. பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் கத்தரிக்காய் வாங்க ஒரு மணி நேரம் மெட்ரோவில் போகிறவன் நீ. கோடை விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை போய் இருந்துவிட்டு வா. அங்கே குடும்பங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். சிறுபிள்ளைகளோடு எப்படி அமர்கிறார்கள், அவர்களுக்கு என்ன பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கவனித்து எழுது. இங்கே இரண்டு தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு வர வழியில்லாமல் நின்றுபோயிருக்கிறார்கள்.

மாசி கடைசிச் சனிக்கிழமை முடிவெடுக்கிறோம். உன் பதில் அதற்கு முன் வர வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்