உன் மாஷிகோ கப்

நிஷிகசாய், டோக்கியோ,
ஜூன் 22

அன்புள்ள கயலுக்கு,

போனில் நீ "என் கப் பத்திரமா இருக்கா அப்பா?" என்று கேட்டபோதெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று சொல்லி வந்தேன். பொய் இல்லை, இருக்கிறது. நான்கு துண்டாக. முதல் சம்பளத்தில் மாஷிகோ மட்பாண்டச் சந்தையில் வாங்கினாயே, உமிச்சாம்பல் பூச்சு போட்ட அந்த வெள்ளைக் கப்தான். ஏப்ரலில் கழுவும்போது கை நழுவிவிட்டது. அம்மாவைச் சந்தேகப்படாதே, நான்தான்.

வீட்டிலேயே ஒட்டப் பார்க்கிறேன். உடைந்த பாண்டத்தை ஒட்டி, ஒட்டின இடத்தில் தங்கக் கோடு போடுகிற ஜப்பானியக் கலை கின்ட்சுகி. கடையில் எபாக்சி பசையோடு அதற்கு செட் கிடைக்கிறது. ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் நீ வாய் வைத்துக் குடிக்கிற கப் ஆயிற்றே என்று நிஜ உருஷியே வாங்கினேன். அரக்கு என்று எழுதத்தான் கை போகிறது. நம் அரக்கு பூச்சி தருவது, இது உருஷி மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறினால் 200 மில்லி கிடைக்கும், அவ்வளவுதான். அப்புறம் மரத்தை வெட்டிவிடுவார்கள். வடக்கே இவாத்தே மாகாணத்தில் ஜோபோஜி என்ற ஊர் இதற்குப் பேர் போனது. அதன் விலை நமக்குக் கட்டாது. என் டியூபில் இருப்பது சீனச் சரக்கு.

பரோட்டாவுக்கு வைத்திருந்த மைதாவில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருஷியை ஊற்றிக் குழைத்தேன். பால் காப்பி நிறத்தில் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் போயிற்று. கத்தியால் எடுத்தால் பலாப்பால் மாதிரி இழுபடுகிறது. கையில் பட்டால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் போட்டுத்தான் துடைக்க வேண்டும். அதுவும் பலாப்பழம் மாதிரியேதான்.

உடைந்த விளிம்பில் மெல்லிசாகத் தடவி, ஒட்டி, டேப் சுற்றி, ஈரத்துணி விரித்த அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். உருஷி வெயிலில் காய்கிற சமாச்சாரம் இல்லை. அதற்குள் இருக்கும் நொதி வேலை செய்ய காற்றில் 70, 80 சதவீதம் ஈரம் வேண்டும். சப்போரோவில் உனக்கு ட்சுயு மழைத் தொல்லை கிடையாது. இங்கே துணி மூன்று நாளாகக் காயவில்லை என்று அம்மா புலம்புகிறாள். பெட்டிக்குள் கப் மட்டும் ஜோராக இறுகிக்கொண்டிருக்கிறது.

இது இரண்டாவது தடவை. மே மாதம் ஒட்டியதை ஐந்தாம் நாளே பொறுக்காமல் பிரித்தேன். ஒரு துண்டு நழுவியிருந்தது. விரலால் தடவினால் படி மாதிரி தட்டியது. எல்லாவற்றையும் பிரித்து, சுரண்டி, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மூன்று வாரம் தொடுவதில்லை என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நடுவில் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் ஒரு விரற்கடை அகலத்துக்கு அரிப்பு. பட்ட அன்று ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கொப்புளம், ராத்திரி தூக்கம் போச்சு. அம்மா பார்த்ததும் "சேங்கொட்டை பட்ட மாதிரி இருக்கே" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஊரில் சலவைக்காரர் துணியில் குறி போடுவாரே, அந்தச் சேங்கொட்டையும் மாமரமும் முந்திரியும் உருஷியும் ஒரே குடும்பம். களிம்பு போட்டு இப்போது ஆறிவிட்டது.

உடைசலில்தான் அழகு என்று இந்தக் கலையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை, உடைத்தவன் நானல்லவா.

இனி விளிம்பில் போன சில்லை நிரப்பித் தேய்க்க வேண்டும். அதன்மேல் சிவப்பு உருஷியில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் தங்கத்தூள். தூள் விலையைக் கேட்டதும் அம்மா "அதுக்கு ஒரு மூக்குத்தி வாங்கலாம்" என்றாள். தூள் போடாமல் சிவப்போடு நிறுத்துவதும் வழக்கம்தான். வெள்ளைக் கப்புக்குச் சிவப்பே எடுப்பாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கப் உன்னுடையது, நீ சொல்.

ஆகஸ்டில் ஓபோன் பண்டிகை லீவில் வருவாய் அல்லவா, அதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் வந்ததும் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிவிடாதே, இன்னும் ஒரு மாதமாவது இறுக விட வேண்டும். மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகக் கூடாது.

அன்புடன்,
அப்பா