28 நாள் கணக்கு சிறுமிகளுக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் பற்றி நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் வரும் கட்டுரைகளில் ‘28 நாட்களுக்கு ஒருமுறை’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. அது வளர்ந்த பெண்களுக்கான கணக்கு. அவர்களுக்குமே வெறும் சராசரிதான். அண்மையில் வயதுக்கு வந்த பெண்ணின் தாய் அந்த வரியைப் படித்துவிட்டு, 40 நாளாகியும் வரவில்லையே என்று ஸ்கேன் எடுக்க ஓடுகிறார். அதே பெண்ணுக்கு 10 நாள் விடாமல் ரத்தம் போனாலோ, ‘புதுசுல அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் எல்லோருமாக விட்டுவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. எண்ணும்போது ரத்தம் கண்ட முதல் நாளிலிருந்து அடுத்த முறை ரத்தம் காணும் முதல் நாள் வரை எண்ண வேண்டும். போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்களுக்கு ஐந்தாறு நாள் குறைந்துபோகும். மூளையும் சினைப்பையும் பேசிக்கொள்ளும் ஹார்மோன் ஒழுங்கு இன்னும் முழுதாக அமையாத வயது இது. பல மாதங்களில் கருமுட்டை வெளிவராது. முட்டை வெளிவந்தால்தான் போதிய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கும். அதன் அளவு சட்டென்று குறையும்போதுதான் கர்ப்பப்பையின் உட்படலம் ஒரே மூச்சில் உதிரும். முட்டை வராத மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் படலத்தைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும்; பிறகு அது காலந்தப்பி, தாறுமாறாக உதிரும். தள்ளிப்போவதற்கும் சில சமயம் அதிகமாகப் போவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஆனால் ஒருமுறையேனும் இடைவெளி 90 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எவ்வளவு போனால் அதிகம்? ஒரு மாதவிடாயில் வழக்கமாக 30 முதல் 40 மில்லி ரத்தம் வெளியேறும். அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம். இதை யாரும் அளந்து பார்க்க முடியாது என்பதால் நாப்கினைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 3 முதல் 6 நாப்கின் சாதாரணம். ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுதாக நனைவது தொடர்ந்து நடப்பது, இரண்டரை சென்டிமீட்டரை விடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறைவதில் பிறவிக் குறை உள்ள பெண்களில் பலருக்கு (வான் வில்லிபிராண்ட் நோய் இதில் பரவலானது) முதல் மாதவிடாயில்தான் அது வெளியே தெரியவரும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காமல் போனதா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்வது நல்லது. சோகை வருவதற்கு முன்பே உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பு கரைந்திருக்கும்.

இங்கே மாதவிடாயில் போவது ‘கெட்ட ரத்தம்’ என்ற நம்பிக்கை நேரடியாகக் கெடுதல் செய்கிறது. கெட்டது போகட்டும் என்று எண்ணுபவர்களுக்கு அதிகப் போக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது. வெளியேறுவது ரத்தக்குழாயில் ஓடும் அதே ரத்தமும், உட்படலத்தின் திசுவும், சளி போன்ற நீரும்தான். மெதுவாக வருவதால் காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது. முதல் முறை பல பெண்களுக்கு உள்ளாடையில் தெரிவது சிவப்பு ரத்தம் இல்லை, காய்ந்த பழுப்புக் கறைதான். இதை முன்கூட்டிச் சொல்லாததால் சிறுமி ஏதோ நோய் என்று பயந்து கறையை மறைக்கிறாள்.

வலி விஷயமும் அப்படித்தான். முட்டை வராத ஆரம்ப மாதங்களில் வலி குறைவு. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத்தான் தொடங்கும். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் அப்போதுதான் கூடுகிறது. இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுப்பவை. ஆகவே தாங்கமுடியாமல் போகும்வரை பொறுத்துவிட்டு விழுங்கினால் பலன் குறையும்; தொடங்கிய உடனேயே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் போட வேண்டும். இந்த மாத்திரையால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது கட்டுக்கதை. மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் பள்ளியைத் தவறவிடச் செய்யும் வலி வேறு. கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இந்த வயதிலும் வரும்.

நாப்கின் வைக்கத் தெரியும் என்று யாரும் பிறப்பதில்லை. பசைப்பக்கம் உள்ளாடையின் துணியில் ஒட்ட வேண்டும். இறக்கைகளை மடித்து அடியில் ஒட்ட வேண்டும். உள்ளாடை தொளதொளவென்று இருந்தால் எந்த நாப்கினும் நகரும், பக்கவாட்டில் கசியும். நனையாவிட்டாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொடையிடுக்கில் வரும் புண்ணுக்கு ஈரமும் உரசலும்தான் காரணம். பயன்படுத்தியதைச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால் உள்ளிருக்கும் உறிஞ்சும் துகள் ஊதிக் குழாயை அடைத்துவிடும். துணி என்றால் முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சுடுநீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். வேறு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்தினால் உள்ளே ஈரம் நிற்கும், கிருமி வளரும். பிறப்புறுப்பின் வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும், உள்ளே சோப்பு கூடவே கூடாது.

குளிக்கலாம், ஓடலாம், விளையாடலாம். வயதுக்கு வந்ததும் உயரம் நின்றுவிடும் என்பதும் பிழை. வேகம் குறைந்தாலும் வழக்கமாக இன்னும் 5 முதல் 7 செ.மீ. வளர்வார்கள்.

எப்போது சொல்லித் தருவது என்று தயங்கும் பெற்றோருக்கு உடலே நாள் குறித்துத் தருகிறது. மார்பு அரும்பி இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பு வெள்ளைப்படுதல் தொடங்கும். ஆகவே 8, 9 வயதில் பேச்சைத் தொடங்கலாம், அப்பாவும் பேசலாம். மார்பு அரும்பியதும் பள்ளிப்பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, ஒரு காகித உறை வைத்துவிடுங்கள். 8 வயதுக்கு முன்பே மார்பு அரும்பினாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும், ரத்தம் வராமல் மாதந்தோறும் அடிவயிறு மட்டும் வலித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதில், கன்னிச்சவ்வில் திறப்பே இல்லாமல் ரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கலாம். சிறிய அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
வளரிளம் பெண்கள் நலப் பிரிவுச் செவிலியர்கள்