முழுசாக இழுத்தால் ஏன் மேலே போகிறது?

அன்புள்ள மச்சி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் நிறுத்துவார்களே, இந்த வருஷமும் அதுதான்.

சரி, நீ எழுதிக்கொண்டிருக்கும் கட்டுமர வீடியோ கேமுக்கு வருகிறேன். இரண்டு கன்ட்ரோலரில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று ரிச்சி தெருவில் வாங்கிய விலை குறைந்த யுஎஸ்பி ரகம். நீ எழுதியிருந்தபடியே நடக்கிறது. கன்ட்ரோலரின் ஸ்டிக்கைப் பாதி கீழே இழுத்தால் திரையில் கட்டுமரம் கீழே வருகிறது, முழுசாக இழுத்தால் சட்டென்று மேலே பாய்கிறது. கன்ட்ரோலர் பழுது என்று புதிது வாங்கிவிடாதே. கோளாறு நீ எழுதிய புரோகிராம் கோடில்தான்.

விண்டோஸில் கன்ட்ரோலரைப் படிக்க உதவும் எக்ஸ்இன்புட், ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சுக்கும் (மேல்-கீழ், இட-வலம்) -32768 முதல் 32767 வரை எண் தருகிறது. மேலே தள்ளினால் பிளஸ், கீழே இழுத்தால் மைனஸ். உன் திரையிலோ கீழே போகப் போக, மேல்-கீழ் இடத்தைச் சொல்லும் ஒய் எண் கூடுகிறது. அதனால் மைனஸ் போட்டுத் திருப்பியிருக்கிறாய், யோசனை சரிதான். ஆனால் திருப்பிய எண்ணை மறுபடி 16 பிட்டிலேயே வைக்கிறாய். அதில் 32768-க்கு இடமே கிடையாது, 32767-ஓடு முடிந்துவிடுகிறது. ஆகவே -32768-ஐத் திருப்பினாலும் அது -32768 ஆகவே நிற்கிறது, மரம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. முதலில் 32767-ஆல் வகுத்துத் தசம எண்ணாக்கு. -1-க்குக் கீழே போனால் -1 என்று நிறுத்து. அப்புறம் திருப்பு.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று. அந்த மைனஸ் மரம் நகரும் இடத்தில், மெனுவில், கேமராவில் என்று கோடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. நாளைக்கு நீ எஸ்டிஎல் என்ற கேம் லைப்ரரிக்கு மாறினால் அங்கே ஸ்டிக்கைக் கீழே இழுப்பதுதான் பிளஸ், எல்லாம் தலைகீழாகிவிடும். கன்ட்ரோலரிலிருந்து எண்ணை வாங்குகிற அந்த ஒரே ஃபங்ஷனில் திசையை முடிவு செய்துவிடு. அதற்கு அப்புறம் யாரும் மைனஸைத் தொடக்கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

யுஎஸ்பி கன்ட்ரோலரில் இன்னொரு பக் கிடைத்தது. டி-பேடில், அதாவது திசைப் பொத்தானில், மேல் திசை மட்டும் வேலை செய்யவில்லை. அது ஹேட் ஸ்விட்ச்சாக, அதாவது திசையை ஒரே எண்ணாகச் சொல்லும் வகையில் வருகிறது, மேல் என்றால் 0, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 45 டிகிரிக்கு ஒன்றாக 7 வரை. நீ எண் பூஜ்யமா என்று பார்த்து, பூஜ்யமானால் யாரும் அழுத்தவில்லை என்று விட்டுவிடுகிறாய். 0 முதல் 7 வரை வந்தால்தான் அழுத்தம் என்று மாற்று. கையை எடுத்ததும் 8 அல்லது 15 போல அந்த எல்லைக்கு வெளியே ஓர் எண் வரும்.

டெட்ஜோனை, அதாவது ஸ்டிக் நடுவில் லேசாக அசைவதைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லையை, இரண்டு அச்சுக்கும் தனித்தனியாக வெட்டாதே. மூலைவாட்டில் மெதுவாகத் தள்ளும்போது மரம் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் ஒட்டிக்கொண்டு போவது அதனால்தான். வகுப்பதற்கு முன் இருக்கும் எண்கள் இரண்டையும் சேர்த்து, ஸ்டிக் நடுவிலிருந்து நகர்ந்த நீளம் கண்டுபிடித்து, அதை 7849-உடன் ஒப்பிடு. இடது ஸ்டிக்குக்கு எக்ஸ்இன்புட்டே சொல்லும் அளவு அது.

திருத்தியதும் புது பில்டை அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது உன்னிடம் இருக்கும் பழைய கன்ட்ரோலர்களையும் எடுத்து வா, ஒவ்வொன்றும் என்ன எண் தருகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சி