தாராவின் சிறகைக் கட்டாதீர்கள்

மட்டக்களப்பில் லாப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும் வளர்க்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

போன கிழமை பின்னேரம் வாவிக் கரையில் ஒரு தம்பி தன் நாயைப் பழக்கிக்கொண்டு நின்றார். பத்து மாதக் கறுப்பு லாப்ரடோர், நல்ல குட்டி. அவர் கையில் உயிரோடு ஒரு காட்டுத் தாரா. இரண்டு சிறகையும் நைலோன் நூலால் கட்டியிருந்தார். தண்ணீரில் எறிந்தார். நாய் கவ்வியதும் தாரா திமிறி அதன் மூக்கைக் கீறியது, நாய் மிரண்டு இறுக்கிக் கடித்தது. கரைக்கு வந்தபோது தாராவின் நெஞ்சு நொறுங்கிக் கிடந்தது. “வெளிநாட்டு வேட்டை நாய்ப் பரீட்சையில இப்படித்தான் அண்ணா” என்றார்.

இல்லை தம்பி. அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற நாய்ச் சங்கம் 1985இல் தொடங்கிய பரீட்சையில் நாய் எடுத்து வருவது முன்பே செத்த பறவையை, அல்லது சுடப்பட்டு விழுந்த பறவையை. பிரித்தானியாவில் நடக்கும் வேர்க்கிங் டெஸ்ட் என்ற பரீட்சையில் பறவையே கிடையாது, கன்வஸ் டமிதான், அதாவது பறவைக்குப் பதிலாக எறியும் துணிப் பொதி. இரண்டிலும் பார்ப்பது ஒன்றுதான்: அனுப்பும் வரை நாய் அசையாமல் இருந்ததா, விழுந்த இடத்தை மனதில் வைத்துப் போனதா, பல் பதியாமல் கொண்டுவந்து கையில் தந்ததா. பறவையை நசுக்குகிற வாய் அங்கே பெரிய குற்றம். நீங்கள் அன்று பழக்கியது அதைத்தான். எங்கள் நாட்டுச் சட்டமும் 1937இலிருந்து காட்டுப் பறவைகளைக் காக்கிறது. சில வகைகளுக்குத்தான் விலக்கு.

டமி செய்யக் காசு தேவையில்லை. பழைய டெனிம் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, உள்ளே மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்ப் போத்தலை வைத்து, சுற்றிவரத் தும்பு அடைத்துத் தையுங்கள். அரைக் கிலோ இருந்தால் போதும். மிதக்கும், வாய்க்கும் இதமாக இருக்கும். ஒரு முனையில் ஒரு முழக் கயிறு, எறிவதற்கு.

எறிவதை விட, காத்திருக்கப் பழக்குவதுதான் கடினம். நான் செய்வது இப்படி. நாயைப் பக்கத்தில் இருத்தி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எறிவேன். அதன் உடம்பு முழுக்க நடுங்கும். நடுக்கம் அடங்கும் வரை பேச மாட்டேன். அடங்கியதும் பெயரைச் சொல்லி அனுப்புவேன். மூன்று தடவை எறிந்தால் ஒன்றை நானே நடந்து போய் எடுத்து வருவேன், நாய் இருந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும். விழுவதெல்லாம் தனக்கில்லை என்று அப்போதுதான் அதற்கு விளங்கும். அப்புறம் விசில்: ஒரு ஊதல் என்றால் நின்ற இடத்திலேயே குந்தி என்னைப் பார்க்க வேண்டும். என் நாய்க்கு இது பிடிபட நாலு மாதம் எடுத்தது. ஒரு நாளும் அடித்ததில்லை.

லாப்ரடோரின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்தின் குளிர் நீரில் வேலை செய்த நாய்கள். அந்த இரட்டை மயிர்ப் போர்வையோடுதான் எங்கள் வெயிலில் ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு மேல் வெயிலில் பழக்க வேண்டாம். நாக்கு அகன்று தொங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுங்கள். கண்டல் ஓரத்தில் எறியவே வேண்டாம், வாவியில் முதலை இருக்கிறது.

வருகிற ஞாயிறு விடிய ஆறு மணிக்கு நாவலடியில், கடல் பக்க மணலில் நிற்பேன். டமி மூன்று கொண்டு வருகிறேன். நீளக் கயிறும் குடிக்கத் தண்ணீரும் நீங்கள் கொண்டு வாருங்கள். அந்தக் கறுப்புக் குட்டியோடு நீங்களும் வாருங்கள் தம்பி. பத்து மாதம்தானே, அதன் வாயை இன்னும் திருத்தலாம்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு அண்ணன்