மரைன் டிரைவில் அன்று மாலை நின்றவர்களுக்கு

வணக்கம்.

இந்த மடலை ஐந்து வாரம் பிந்தித்தான் எழுதுகிறேன். நாய்க்கடி பட்ட எங்கள் நாய் சுட்டி பழையபடி நடக்கட்டும், அதற்குப் பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்று மாலை அவள் வெள்ளவத்தை ரயில் நிலையம் வரை நடந்து போய், தனக்குப் பிடித்த மின்கம்பத்தை ஆறுதலாக மோந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

சுட்டிக்கு ஒன்பது வயது. ஆறு கிலோ. அப்பா வளர்த்த நாய். அப்பா போன பிறகு அவளை மாலையில் நடத்திக்கொண்டு போவது என் வேலையாயிற்று. கொழும்பு வெள்ளவத்தையின் கடலோர வீதியான மரைன் டிரைவில் நடப்பவர்கள் பலருக்கு என்னை 'சுட்டியின் டீச்சர்' என்றுதான் தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை, ஐந்தே முக்கால் இருக்கும். பாணந்துறைப் பக்கம் போகும் அலுவலக ரயில் வாசல் நிறைய ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. அந்த இரைச்சலில் பின்னால் வந்த நாயின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. "அன்ரி, தூக்குங்கோ! தூக்குங்கோ!" என்று ஒரு பையன் கத்தியது மட்டும் கேட்டது. நான் திரும்புவதற்குள் ஒரு பெரிய அல்சேஷியன் சுட்டியின் விலாவைக் கவ்வி உலுப்பத் தொடங்கிவிட்டது. அதன் வார் வீதியில் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. என் கையில் இருந்தது பொத்தானை அமத்தினால் ஐந்து மீற்றருக்கு நீளும் சுருள் வார். அது என் காலில் சுற்றிக்கொண்டதால் அசையவும் முடியவில்லை. பெரிய நாயின் வாயருகே கையை விட்டேன். அப்படிச் செய்யவே கூடாது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். யாருடைய பல் என் மணிக்கட்டில் கிழித்தது என்று இன்று வரை தெரியாது.

செவ்விளநீர் விற்கும் தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. மற்றவர்கள் சுட்டியைப் பிடித்து இழுக்கப் பார்த்தபோது நீங்கள்தான் "அதின்ன எபா!" (இழுக்க வேண்டாம்!) என்று தடுத்தீர்கள். வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் ஊற்றினீர்கள். அது அசையவில்லை என்றதும் பின்னால் போய் அதன் இரண்டு பின்னங்கால்களையும் தூக்கி, தள்ளுவண்டியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிடிமானம் இல்லாமல் போனதும் அது வாயைத் திறந்தது. அந்தக் கணத்தில் ஒரு அம்மா தன் குடையை விரித்து இரண்டு நாய்களுக்கும் நடுவில் நீட்டினார். நாய் குடையில் பாய்ந்தது. அதற்குள் சுட்டி என் மடியில். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "பய வென்ன எபா அக்கா" (பயப்பட வேண்டாம் அக்கா) என்று சொன்னீர்கள், மல்லி (தம்பி). உங்களுக்குச் சிங்களத்திலும் எனக்குத் தமிழிலும் அக்கா அக்காதான்.

அதே இடத்தில் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு எழுதவில்லை. பெரிய நாயைக் கண்டால் பயம் வரும். ஆனால் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குடையும் எவ்வளவு செய்தன என்று அவர்களும் பார்த்தார்கள், அது போதும்.

அடுத்து ஓட்டோ நானா. உங்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

இரத்தம் வடியும் நாயைத் தூக்கிக்கொண்டு நான் கையை நீட்டியபோது இரண்டு ஓட்டோக்கள் நிற்காமல் போய்விட்டன. மூன்றாவதாக வந்தவர் நீங்கள். தலையில் முஸ்லிம்கள் போடும் தொப்பி இருந்ததைப் பார்த்து நானே தயங்கினேன். "நானா, நாய்..." என்று இழுத்தேன். நீங்கள் பின்சீட்டில் இருந்த துவாயை விரித்துவிட்டு, "ஏறுங்க டீச்சர். உசிர்தானே, சீட்டக் கழுவிக்கொள்ளலாம்" என்றீர்கள். மிருக வைத்தியரிடம் போகும் வரை ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. மீற்றரை நிறுத்திவிட்டு வெளியில் காத்திருந்தீர்கள். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அடுத்த நாள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஆயிஷா டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர்களுடைய மார்க்கப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து கழுவ வேண்டும் என்று அவர்தான் விளங்கப்படுத்தினார். அந்த வேலை காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் நீங்கள் ஏறச் சொல்லியிருக்கிறீர்கள். பெயர் கேட்க மறந்த என்னை மன்னியுங்கள். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஓட்டோக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. இதை வாசிக்கும் யாருக்காவது அவரைத் தெரிந்தால், சுட்டி உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

டொக்டர் மிஸ், அன்றிரவு கடமையில் இருந்த உங்களுக்கு இன்னும் முப்பது வயது ஆகியிருக்காது. சுட்டியை மேசையில் கிடத்தும்போதே என் கையைப் பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க கழுவுங்க, சவர்க்காரம் போட்டு, பதினைந்து நிமிடம், ஓடுற தண்ணீரில்" என்று தெரிந்த தமிழில் அதட்டினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. என் நாய் சாகக் கிடக்கிறது, இவர் கை கழுவச் சொல்கிறாரே என்று. விசர் நாய்க்கடி நோய்க்கு அதுதான் முதல் மருந்து என்று பிறகுதான் புரிந்தது.

மயிரை வழித்தபோது சுட்டியின் விலாவில் இரண்டே இரண்டு சிறிய ஓட்டைகள். இவ்வளவுதானா என்று நினைத்தேன். நீங்கள் அந்த ஓட்டைக்குள் கருவியை விட்டுக் காட்டினீர்கள். அது தோலுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தடையில்லாமல் போனது. நாயின் தோல் சதையோடு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை, பெரிய நாய் கவ்வி உலுப்பும்போது மேல்தோல் பல்லோடு சேர்ந்து அசையும், அடியில் சதை கிழிந்து கழன்றுவிடும் என்று சொன்னீர்கள். மேலே தைத்து மூடிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால் இறப்பர்க் குழாய் ஒன்றை வைத்து வடிய விட்டீர்கள். நெஞ்சுக்குள் காற்றுப் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்கள். வீட்டில் அம்மா மஞ்சளோடும் பனடோலோடும் காத்திருந்தார். இரண்டும் வேண்டாம், மனிதருக்கான மாத்திரை எதுவும் வேண்டாம் என்று நீங்கள் போனில் அவருக்குப் பொறுமையாகச் சொன்னதற்கும் சேர்த்து நன்றி. நாய் கடித்தால் வெளியில் தெரியும் காயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று இப்போது நான் சந்திக்கும் எல்லா நாய் வளர்ப்பவர்களிடமும் சொல்கிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியது கடித்த நாயின் வீட்டாருக்கு. ஏன் என்று சிலர் கேட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஒழுங்கையில், திறந்து கிடந்த கேற்றால் ஒரு நாய் பாய்ந்து வந்து சுட்டியின் காதைக் கடித்தது. உள்ளே நின்ற மனிதர், "அது ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காதிலிருந்து இரத்தம் வடிவதைக் கண்ட பிறகும், "நாயெண்டா கடிபடுந்தானே" என்றார். தடுப்பூசி போட்டதா என்று கேட்டேன். கேற்றைச் சாத்திவிட்டார். காதுக் காயம் பத்து நாளில் ஆறியது. சாத்திய அந்தக் கேற்றின் சத்தம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அந்த ஒழுங்கையால் நான் இப்போதும் போவதில்லை.

ஆகவே இந்த முறையும் நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருக்கும் சட்டத்தரணி அக்காவுக்கு வைத்தியரிடமிருந்தே போன் எடுத்து, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் அன்றிரவும் பிறகும் பொறுமையாக எனக்குச் சொன்னவை பலருக்கும் பயன்படும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில், மிருகத்தைக் கவனமில்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது மனித உயிருக்கும் உடலுக்கும் வரும் ஆபத்தைப் பற்றித்தான் பேசுகிறது, நாய் நாயைக் கடிப்பதைப் பற்றியல்ல. 1901ஆம் ஆண்டு நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி நாயை வருடா வருடம் உள்ளூராட்சிச் சபையில் பதிய வேண்டும். எத்தனை பேர் பதிகிறோம்? நானும் பதிந்திருக்கவில்லை. நட்டஈட்டுக்கு வழி இருக்கிறது: நமது நாட்டில் இன்னும் நடைமுறையில் இருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு மிருகம் சீண்டப்படாமலே பாய்ந்து சேதம் செய்தால், சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்கலாம் என்ற பழைய விதி. "எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வை. பற்றுச்சீட்டெல்லாம் பத்திரமா வை. ஆனா முதல்ல அந்த வீட்டாக்கள் என்ன செய்யினம் எண்டு பார்" என்றார். அக்கா, அந்தக் கடைசி வசனத்துக்கு மிகவும் நன்றி.

ஏனென்றால் நாங்கள் கதைத்து முடிப்பதற்குள் கடித்த நாயின் சொந்தக்காரர் வந்துவிட்டார். அந்த நாயை நடத்திக்கொண்டு வந்து, வீதியில் நின்று அழுத அவருடைய பையன் ஓடி ஒளியவில்லை. தன் நாயை அணைத்துப் பிடித்துக்கொண்டே தகப்பனின் இலக்கத்தை அங்கு நின்ற ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். எட்டு மணிக்கு முன் தகப்பன் வைத்தியரின் வாசலில், கையில் நாயின் தடுப்பூசி அட்டையோடு நின்றார். முதல் வார்த்தையாக, "பிழை எங்கட பக்கம், டீச்சர்" என்றார். உங்கள் நாய் குரைத்ததா, நீங்கள் ஏன் அந்தப் பக்கம் வந்தீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. கட்டணத்தை அவரே கட்டினார். பிறகு களுபோவில ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அட்டையின் பெறுமதி அங்கேதான் தெரிந்தது. இரண்டு நாய்களுக்கும் ஒழுங்காக ஊசி போட்டிருக்கிறது, இரண்டும் வீட்டில் கண் முன்னால் இருக்கின்றன, என் கையில் இருப்பது சிறு கீறல் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, நாய்களை 14 நாட்கள் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று அங்கிருந்த வைத்தியர் முடிவெடுத்தார். சோர்ந்தாலோ, செத்தாலோ, காணாமற் போனாலோ அந்த நிமிடமே வர வேண்டும் என்றார். (இது என் காயத்துக்கு அவர் எடுத்த முடிவு. உங்களுக்கு நடந்தால் நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.) அந்த 14 இரவும், சாப்பாட்டு நேரத்தில், அந்தத் தகப்பன் வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு சிறு வீடியோ அனுப்பினார். அவருடைய நாய் தண்ணீர் குடிக்கிறது, சோறு தின்கிறது. நான் கேட்டு அனுப்பியதல்ல. கடித்த நாய் நன்றாக இருக்கிறது என்பதை ஒவ்வொரு இரவும் பார்த்துவிட்டுத்தான் என் அம்மா படுக்கப் போனார்.

ஐயா, உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் நாய் கேற்றுக்குப் பின்னால் நின்று மற்ற நாய்களைப் பார்த்து உறுமத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது என்று நீங்களே சொன்னீர்கள். அது தெரிந்தும் பதினைந்து வயதுப் பையன் கையில் அதைக் கொடுத்து அனுப்பியது பெரிய பிழை. அவனுடைய நிறைதான் அந்த நாய்க்கும் இருக்கும். நீங்கள் அதை மறுக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது பெரியவர் ஒருவர்தான், விடிய ஐந்து மணிக்கு, வீதி வெறுமையாக இருக்கும்போது, குட்டையான வாரில், வாய்க்குக் கூடு போட்டு அதை நடத்துகிறார். பழக்குபவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். உங்கள் நாயும் எங்களுடையதும் ஒரே வாரத்தில் மாநகர சபையில் பதிவாயின. நானும் சுருள் வாரை வீசிவிட்டேன்.

தம்பி, நீ ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சுட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, ஒன்றும் பேசாமல் அரை மணித்தியாலம் அவள் தலையைத் தடவினாய். போகும்போது, "அன்ரி, என்ர கை வழுக்கிப்போச்சு" என்றாய். அந்தக் கை உன்னுடையதாக இருந்திருக்கவே கூடாது, ராசா. அது பெரியவர்கள் பிடித்திருக்க வேண்டிய வார். நீ ஓடாமல் நின்றதைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். சுட்டி உன்னைக் கண்டால் இன்னும் வாலாட்டுவாள், வா.

கடைசியாக, குடை பிடித்த அம்மாவுக்கு. நீங்கள் யார் என்று இன்னும் தெரியவில்லை. நெற்றியில் விபூதி இருந்தது, கையில் பூக்கூடை இருந்தது, கோயிலுக்குப் போகும் வழியில் நின்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குடை என்னிடம் இருக்கிறது. நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. கம்பி இரண்டு முறிந்திருந்தது, சீலையில் பல் பட்ட கிழிசல் ஒன்று. கம்பியை மாற்றி, கிழிசலைத் தைத்து வைத்திருக்கிறேன். செவ்விளநீர் மல்லியிடம் கொடுத்திருக்கிறேன், அவருடைய வண்டியின் பக்கத்தில் தொங்குகிறது. மழைக்காலம் வருவதற்கு முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம்.

அன்புடன்,
சுட்டியின் டீச்சர்
வெள்ளவத்தை